கீமோ இல்லைன்னா கை விட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல

"கீமோ எப்போ ஆரம்பிக்கிறாங்க?" சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டது இதுதான். கீமோ கிடையாதுன்னு சொன்னா முகமே மாறிடும், டாக்டருங்க கை விட்டுட்டாங்க போலன்னு. எனக்கும் முதல்ல அந்த பயம்தான், அதனாலதான் இதை எழுதுறேன்.

எனக்கு வந்தது காண்ட்ரோசர்கோமா, வலது தொடை எலும்புல, இடுப்புக்கிட்ட. குருத்தெலும்பை உண்டாக்குற கேன்சர், ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் 40 வயசுக்கு மேல வருது. பகல்ல வண்டி ஓட்டி கிண்டி வரைக்கும் ஆபீஸ் போயிட்டு வந்துடுவேன், ராத்திரி படுத்தாதான் வலி, தூங்கவே விடாது. தேய்மானம்னு மாத்திரை குடுத்தாங்க, கேக்கல. எக்ஸ்ரேல எலும்புக்குள்ள சோளப்பொரி தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா தெரிஞ்சுது, அப்புறம் எம்ஆர்ஐ.

அதைப் பார்த்ததும் பக்கத்துலயே உடனே பயாப்சி (ஊசி போட்டு கட்டியில இருந்து துளி சதை எடுத்து சோதிக்கிறது) எடுத்துடலாம்னு ஒரு இடத்துல சொன்னாங்க. எங்க அண்ணன்தான் "இருடா, எலும்பு கேன்சர் பாக்குறவங்களைக் கேட்டுட்டு எடுப்போம்"னு நிறுத்தினாரு. அது எவ்வளவு பெரிய விஷயம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஊசி போன வழியில கேன்சர் செல் ஒட்டிக்கலாம், ஆபரேஷன்ல அந்த வழியையும் சேர்த்து வெட்டி எடுக்கணும், அதனால ஆபரேஷன் பண்ணப்போற டீம்தான் எங்க குத்துறதுன்னு முடிவு பண்ணணும். தப்பான இடத்துல குத்திட்டா காலைக் காப்பாத்துறதே கஷ்டமாகலாம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954ல இருந்து இயங்குற ஊர் இது, தேடினா அந்த மாதிரி டீம் கிடைக்கும், தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க.

ரிப்போர்ட்ல கிரேடு 2ன்னு வந்துச்சு. கிரேடு 1 மெதுவா வளரும், பரவுறது அபூர்வம், 3 வேகமானது, நுரையீரலுக்குப் போகும், அதான் எல்லாருக்கும் நெஞ்சுக்கு சிடி எடுக்குறாங்க. கீமோ ஏன் இல்லைன்னு டாக்டர் பொறுமையா சொன்னாரு: இந்தக் கட்டிக்குள்ள ரத்தக்குழாய் கம்மி, செல்லும் மெதுவா வளருது, மருந்து சரியா வேலை செய்யாது, கதிர்வீச்சுக்கும் லேசுல மசியாது. சுத்தி நல்ல சதையோட சேர்த்து முழுசா வெட்டி எடுக்குறதுதான் வைத்தியமே. காண்ட்ரோசர்கோமாலயே மீசென்கைமல்னு ஒரு வகை இருக்கு, அதுக்கு கீமோ குடுப்பாங்க, அதனால உங்க வகை என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

எனக்கு எலும்பை எடுத்துட்டு உலோகத்துல செயற்கை மூட்டு வெச்சாங்க. இப்போ கம்பு ஊன்றி நடக்குறேன்.

10 வருஷம் கழிச்சுக்கூட திரும்ப வரலாம்ங்கறதால செக்கப்பை விடக்கூடாது. பயாப்சில எடுத்த சதையை வெச்சிருக்குற கண்ணாடி ஸ்லைடு, மெழுகு பிளாக், பழைய ஸ்கேன் எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கோங்க, வேற டாக்டர்கிட்ட போனா முதல்ல அதைத்தான் கேப்பாங்க.