குனியாமல் எடுத்த எக்ஸ்ரே

எனக்கு 62 வயது, காரைக்குடிப் பக்கம். எங்கள் வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். முகப்பில் யாராவது "ஆச்சி" என்று கூப்பிட்டால், அடுப்படியிலிருந்து வளவைத் தாண்டிப் போவதற்குள் கெண்டைக்கால் இரண்டும் மரத்துவிடும். நடுவில் உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் குனிந்தால் இரண்டே நிமிடத்தில் விட்டுவிடும். இதை மூட்டுவலி என்று நினைத்து இரண்டு வருஷம் தைலம் தேய்த்தே ஓட்டினேன்.

எம்.ஆர்.ஐ எடுத்ததில் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நாலாவதான எல்4 எலும்பு, அதற்குக் கீழே இருக்கும் எல்5 மேல் முன்பக்கம் நழுவியிருக்கிறது, நரம்புப் பாதையும் சுருங்கியிருக்கிறது என்று வந்தது. முதலில் பார்த்த டாக்டர் படத்தைப் பார்த்த கையோடு எலும்புகளை அசையாமல் பிணைக்க ஸ்க்ரூ, ராடு போட்டுவிடலாம் என்றார். ஏன் என்று கேட்டால், "நழுவியிருக்கே!" அவ்வளவுதான் பதில்.

மனசு கேட்காமல் மதுரையில் இன்னொருவரிடம் போனோம். அவர் முதல் கேள்வியாக, "நின்னுக்கிட்டு எடுத்த படம் இருக்கா?" என்றார். எம்.ஆர்.ஐ படுத்துக்கொண்டு எடுப்பது, படுத்தால் நழுவின எலும்பு கொஞ்சம் தன் இடத்துக்கே திரும்பிவிடுமாம். சரி என்று நேராக நின்று ஒன்று, முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் வளைந்து ஒன்று என்று எக்ஸ்ரே எடுத்தோம். அசைவு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எலும்பு அசையவில்லை என்றால் நரம்பு அழுத்தத்தை மட்டும் எடுத்தால் போதும், ஸ்க்ரூ தப்பியது என்று எனக்கு ஏக சந்தோஷம்.

டாக்டர் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "ஆச்சி, நீங்க குனியவே இல்லையே" என்றார். உண்மைதான். வலிக்குப் பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் கவிழ்த்திருந்தேன், இடுப்பு அப்படியே நின்றது. அவருக்குச் சந்தேகம் வந்ததே எம்.ஆர்.ஐ.யைப் பார்த்துத்தான். முதுகெலும்புக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஃபேசட் மூட்டுகளுக்குள் வெள்ளைக் கோடாக நீர் தெரிந்தது. மூட்டு தளர்ந்திருந்தால் படுக்கும்போது அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்ளுமாம்.

அடுத்த வாரம், வலி மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி குனிந்தேன். பின்னால் வளைந்தபோது 4 மில்லிமீட்டர் நழுவல், குனிந்தபோது 9. சிலர் 3 மில்லிமீட்டர் அசைந்தாலே நிலையில்லை என்பார்கள், சிலர் 4 என்பார்கள், எனக்கோ வித்தியாசம் 5. குடுமி தேய்ந்த கதவு போல அந்த எலும்பு போய்ப் போய் வருகிறது. நரம்பை விடுவிக்க எலும்பையும் செதுக்கி எடுத்தால் இருக்கிற பிடிப்பும் குறையலாம் என்றார்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் விடவில்லை. எலும்பு நழுவிய 267 பேரை வைத்து நார்வேயில் நடந்து 2021இல் வெளியான ஆய்வைப் பிடித்துக்கொண்டு, அழுத்தத்தை மட்டும் எடுத்தவர்களும் ராடு போட்டவர்களும் இரண்டு வருஷம் கழித்துக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதானே இருந்தார்கள் என்று போனிலேயே வாதாடினான். டாக்டர் மறுக்கவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் ராடு போடுவதில்லை, ஆனால் இவ்வளவு அசைவு இருந்தால் நான் போடுவேன், வேறு டாக்டர் வேறு மாதிரியும் சொல்லலாம் என்றார். இப்படி ஒளிக்காமல் சொன்னதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

அப்புறம் எலும்பு அடர்த்திப் பரிசோதனை. அதில் வரும் டி ஸ்கோர் என்ற அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, ஸ்க்ரூ பிடிக்காமல் தளரலாம். எனக்கு மைனஸ் 1.9, தப்பித்தேன்.

"முதல் டாக்டரும் இதைத்தானே சொன்னாரு, ரெண்டு மாசம் எதுக்கு அலைஞ்சோம்?" என்று வீட்டுக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார். முதல் டாக்டர் அசைவைப் பார்க்காமல் சொன்னார், மதுரை டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார் என்றேன். உங்களுக்கும் இந்த எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தால், வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். என்னைப் போல இரண்டு தடவை காசு கட்ட வேண்டாம்.