தெமோதரையில் இரண்டு தடவை

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் கோச்சி (எங்கள் பேச்சில் ரயில்) தெமோதரையை இரண்டு தடவை கடக்கும். முதலில் ஸ்டேசனில் வந்து நிற்கும். புறப்பட்டதும் மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். நான் ஊரை விட்டு வந்த பிறகு பிறந்த என் பிள்ளைகளுக்கு இதைத் தாளில் வரைந்துதான் புரியவைக்க முடிந்தது. தோட்டத் தொழிலாளர்களை மேய்க்கும் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டியதைப் பார்த்துத்தான் இப்படிப் பாதை போடும் யோசனை வந்தது என்று எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையை விட மனமில்லை.

அங்கிருந்து பதுளைப் பக்கம் இருந்த எங்கள் பாடசாலைக்கு சீசன் டிக்கெட்டில் வந்த தோட்டத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். ஸ்டேசன் மாஸ்டர், வண்டி போக அனுமதி தரும் டப்லட் வளையத்தை டிரைவரிடம் நீட்டுவதைப் பார்த்த பிறகுதான் இடம் பிடித்து உட்காருவோம். அது கைமாறாமல் அந்த ஒற்றைப் பாதையில் வண்டி நகராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்ல என்ற ஊர்ப் பக்கமாகத் தண்டவாளத்தோடு நடந்து ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போவோம். 1921இல் கட்டிய பாலம். 300 அடி நீளம், 80 அடி உயரம். இரும்பு இல்லாமல் கல், செங்கல், சிமெந்து கொண்டே எழுப்பியது. அதற்கப்புறம் 1924இல்தான் கோச்சி பதுளையைத் தொட்டது. இன்று உலகமே வந்து படம் எடுக்கும் அந்த இடத்தில், அன்று நாங்களும் தேயிலையும் மட்டும்தான்.

சாதாரண தரப் பரீட்சையின் முதல் நாள். வண்டி புறப்பட்ட பிறகுதான் பையில் அடையாள அட்டை இல்லை என்று தெரிந்தது. அது இல்லாமல் மண்டபத்துக்குள் விட மாட்டார்கள். அழுகை வந்துவிட்டது. வண்டி மலையைச் சுற்றி வரும்போது வாசலில் நின்றிருந்த நண்பன், "டேய், உங்க அக்கா!" என்று கத்தினான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொழுந்து பறிக்கப் போன அக்கா, ஸ்டேசனிலிருந்து சரிவில் இறங்கி ஓடிவந்து சுரங்க வாசலில் நின்றிருந்தாள். தலைத்துண்டில் அட்டையை முடிந்து எறிந்தாள். பிடித்துவிட்டேன். அவள் என்னவோ சொன்னாள். அதற்குள் இருட்டும் சத்தமும் மூடிக்கொண்டன.

அக்கா இன்றும் அந்த லயத்தில்தான் இருக்கிறாள். போனில் பேசும்போது கோச்சி கூவினால் பேச்சை நிறுத்துவாள். நானும் ஒன்றும் பேசமாட்டேன். அது சுற்றி வந்து ஸ்டேசனுக்குக் கீழே போகும் வரை இரண்டு பேரும் காத்திருப்போம்.