எனர்ஜிக்கு வேட்டு

மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வை 2011 ஆகஸ்ட்டில் மாற்றியமைத்தபோது எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களை நீக்கிவிட்டார்கள். இனி ஆங்கிலச் சொற்பட்டியலை உருப்போட வேண்டியதில்லை என்று அதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள், எஞ்சியிருந்த வினாக்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவற்றில் ஒரு வகையில், கோடிட்ட இடத்துக்கு ஆறு சொற்களைக் கொடுத்து இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்த இரண்டில் எதை இட்டாலும் வாக்கியம் ஒரே பொருளைத் தர வேண்டும். ஒன்று மட்டும் சரியாக இருந்தால் அரை மதிப்பெண்கூடக் கிடையாது.

ஆகவே நானும் ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளுமாக அட்டைகள் எழுதினேன். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு முன்னேறும், தவறாகச் சொன்னது முதல் பெட்டிக்கே திரும்பும் என்பது செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் வெளியான தம் நூலில் விளக்கிய முறை. கேள்வி கேட்கும் பொறுப்பைத் தங்கை ஏற்றுக்கொண்டாள். படிப்பவனைவிடக் கேட்பவளுக்கு விரைவில் மனப்பாடமாகிவிடும் என்பதை லைட்னர் எங்காவது எச்சரித்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

முற்றிலும் அந்நியமான சொற்களால் எனக்குத் தொல்லை இல்லை. தெரிந்த முகத்துடன் வந்து ஏமாற்றுபவைதாம் ஆபத்தானவை. ‘எனர்வேட்’ என்றால் ஊக்கம் தருவது என்றே காது நம்புகிறது. உண்மையில் அது இருக்கும் தெம்பையும் உறிஞ்சிவிடுவது. ‘ரெஸ்டிவ்’ என்பவன் ஓய்வெடுப்பவன் அல்லன், ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பவன். இவற்றுக்கெல்லாம் தங்கை தமிழில் கொக்கி போடத் தொடங்கினாள். எனர்வேட் என்றால் ‘எனர்ஜிக்கு வேட்டு’ என்றாள். அந்த அட்டை அன்றே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது. முடிவெடுக்காமல் ஊசலாடுவதைக் குறிக்கும் ‘வாசிலேட்’டுக்கு, உள்ளே போவதா வெளியே போவதா என்று வாசலிலேயே நிற்பவனைக் காட்டினாள்.

இதையெல்லாம் அம்மா காதில் வாங்கிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு, கிளம்பலாமா இன்னும் சற்றுப் படிக்கலாமா என்று நான் நின்றிருந்தபோது, “ஏன்டா அங்கேயே நின்னு வாசிலேட் பண்றே? ஒண்ணு உள்ளே வா, இல்லே வெளியே போ” என்றாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை முதன்முதலில் வாக்கியத்தில் அமைத்துப் பேசியவள் அவள்தான், பிழையும் இல்லை.

‘நாய்சம்’ மட்டும் முதல் பெட்டியை விட்டு நகர மறுத்தது. அதற்குத் துர்நாற்றம் வீசுவது என்று பொருள். தங்கை போட்ட கொக்கி, இயல்பாகவே, நாய். அட்டையை நீட்டினால் நாய் உடனே வந்து நிற்கும். ஆனால் வந்த நாய் குரைக்கும். குரைத்தால் சத்தம், சத்தம் என்றால் ‘நாய்ஸ்’ என்று, எந்தத் தவறான பொருளைத் தடுக்க நாயை அழைத்தோமோ அதே பொருளை அது கவ்விக்கொண்டு வரும். நாயையே மாற்றிவிடலாமா என்று கேட்டேன். தங்கை சற்று யோசித்துவிட்டு, “வேண்டாம் அண்ணா, அதை மழையில நனைச்சுடு. நனைஞ்ச நாய் குரைக்காது, நாறும்” என்றாள். அதன்பின் அச்சொல்லில் நான் தடுமாறவில்லை.

மாதிரித் தேர்வுக்கு உட்காரும்போது இந்தப் பரிவாரத்துடன்தான் உட்கார வேண்டியிருக்கிறது. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு, மொழித்திறனின் முதல் பகுதியில் 12 வினாக்களுக்கு 18 நிமிடங்கள்தாம். அதற்குள் வேட்டு வெடித்து, வாசலில் நிற்பவனை விலக்கி, நாயை நனைத்து, இடையில் நீண்ட பத்திகளையும் படித்தாக வேண்டும்.

இவ்வளவு ஏற்பாட்டையும் கவிழ்த்தது ‘குவாலிஃபைடு’ என்ற எளிய சொல். ‘குவாலிஃபைடு சக்சஸ்’ என்றால் தகுதிபெற்ற வெற்றி அன்றாம். குறைகளோடு கூடிய, முழுதாகக் கொண்டாட முடியாத வெற்றியாம். பள்ளி நாளிலிருந்து தெரிந்த சொல்லாயிற்றே, இதற்கு ஏதாவது கொக்கி சொல் என்று தங்கையிடம் அட்டையை நீட்டினேன். இரு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “தெரியாத சொல்லுக்குத்தான் அண்ணா கொக்கி போட முடியும். இது உனக்கு ஏற்கெனவே தெரியுமே!” என்று சொல்லி, அட்டையை முதல் பெட்டியில் போட்டுவிட்டுத் தன் பாடத்தைப் படிக்கப் போய்விட்டாள்.