காற்றுக்கு அசையும் தகடுகள்

1950களின் அமெரிக்க நவீன வீடுகளைப் படங்களில் பார்க்கும்போதெல்லாம், தாழ்வான இருக்கைகளையும் அகன்ற கண்ணாடிச் சுவர்களையும் தாண்டி, கூரையிலிருந்து கம்பிகளில் தகடுகள் தொங்கி அசையும் 'மொபைல்' என்ற சிற்பத்திடமே என் கண் சென்று நிற்கிறது. இவ்வடிவத்தின் முன்னோடி அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர். அவர் இயந்திரப் பொறியியல் படித்தவர் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. 1930இல் பாரிஸில் டச்சு ஓவியர் மோந்திரியானின் கலைக்கூடத்தைக் கண்டபின், பொருள்களை உள்ளபடி காட்டாத அருவக் கலையின் பக்கம் திரும்பிய அவருடைய அசையும் சிற்பங்களுக்கு, 1931இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம் 'மொபைல்' என்று பெயரிட்டார்.

மொபைலைக் கீழிருந்து மேலாகக் கட்டுவதே எளிது: கடைசிக் கம்பியின் இரு முனைகளிலும் தகடுகளைப் பொருத்தி, அது சமநிலை கொள்ளும் புள்ளியைக் கண்டுபிடித்து, அவ்விடத்தில் வளையமிட்டு அடுத்த கம்பியின் நுனியில் மாட்ட வேண்டும். நீண்ட கரத்தின் நுனியிலுள்ள சிறிய தகடு, மறுபக்கத்தில் வளையத்துக்கு அருகே தொங்கும் பெரிய தகட்டுக்கு ஈடுகொடுத்து நிற்பதே எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அது அசையச் சன்னலோரத்து மென்காற்றே போதும்.