பேஸைத் தாண்டிய பந்து

"சார், அந்த மேடத்தை ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டா என்ன குறைஞ்சிடப் போவுது?"

பேட்டிங் அணியின் கோச் சொன்னது அவ்வளவுதான். மேடம் என்றது என்னோடு அம்பயராக நின்ற இன்னொருவரை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் எனக்கு சீனியர். வெளியில் பார்த்தால் தம்பி என்பார், மைதானத்தில் சார். அன்றைக்கு அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "இது ஜட்ஜ்மென்ட் கால் சார், புரொட்டெஸ்ட் கிடையாது, பேட்டரை வரச் சொல்லுங்க" என்றேன். அம்பயர் கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை எதிர்த்து முறையீடு செய்ய முடியாது. ரூல்படி சரியான பதில். ஆனால் அவர் புரொட்டெஸ்ட் செய்யவே இல்லையே.

பள்ளி மாணவிகளின் சாஃப்ட்பால் மேட்ச், பேஸ்பால் மாதிரியான ஆட்டம். கடைசியான ஏழாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கல், இரண்டு அவுட், முதல் பேஸில், அதாவது ஓடுபவர் மிதிக்க வேண்டிய முதல் இடத்தில், ரன்னர். அடித்த பந்து மூன்றாவது பேஸுக்கு ஓர் எட்டு முன்னால் தரையில் குத்தி எழும்பி, பேஸை ஒட்டிப் பறந்து, கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. நான் பிளேட் அம்பயர், பேட்டருக்குப் பின்னால் நிற்பவன். மாஸ்கைக் கழற்றிக்கொண்டு கோட்டுக்கு நேராகத்தான் நின்றிருந்தேன். இரண்டு கையையும் தூக்கி 'ஃபவுல்' என்றேன், பந்து கோட்டுக்கு வெளியே, அந்த அடி செல்லாது என்று.

இந்த மாதிரிப் பந்தில் தகராறு வருவதற்குக் காரணம் உண்டு. பேஸுக்கு முன்னால் குத்திய பந்து, பேஸைத் தாண்டும் நொடியில் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. பேஸுக்கு மேலாகப் போயிருந்தால், அப்புறம் வெளியே விழுந்தாலும் அது ஃபேர், அதாவது செல்லும் அடிதான். அங்கே ஒரு பக்கத்துப் பெற்றோர் வெளியே விழுந்த தடத்தைக் காட்டினார்கள். இன்னொரு பக்கத்தார், முதலில் குத்திய இடத்தில் கலைந்திருந்த சுண்ணாம்புப் பொடியைக் காட்டினார்கள். இரண்டு தடமும் எதற்கும் ஆகாது. ஒரு அப்பா போனை நீட்டினார். பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்து எடுத்த வீடியோ. அந்தக் கோணத்தில் பேஸுக்கு மேலே போன பந்தும் நாலு விரற்கடை வெளியே போன பந்தும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் வாங்கிப் பார்க்கவில்லை.

மேடத்தை ஏன் கேட்கவில்லை? நாங்கள் இரண்டே அம்பயர்கள். பேஸில் ரன்னர் இருந்தால் இரண்டு கோடுமே பிளேட் அம்பயர் பொறுப்பு. ரன்னர் இரண்டாவது பேஸை மிதித்தாளா என்று பார்ப்பதுதான் அப்போது அந்த மேடத்தின் வேலை. கேட்டிருந்தால் அது கோச்சைச் சமாதானப்படுத்தும் நாடகமாக முடிந்திருக்கும். மாற்றிச் சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. ஃபேர் என்றால் நாங்கள் வாயைத் திறப்பதில்லை, உள்பக்கம் கை காட்டுவதோடு சரி. ஃபவுலைத்தான் சத்தமாகச் சொல்கிறோம். சொன்னதும் ஆட்டம் நின்றுவிடுகிறது. லெஃப்ட் ஃபீல்டர் பந்தை எடுக்க ஓடவே இல்லை. அப்புறம் ஃபேர் என்று மாற்றினால் ரன்னரை எந்த பேஸில் வைப்பது? ஊகத்தில்தானே?

2009 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்ததை இதற்குத் துணைக்கு இழுத்துக்கொள்வேன். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் பிளேஆஃப் சுற்றான டிவிஷன் சீரிஸில் யாங்கீஸ் அணிக்கு எதிராக ட்வின்ஸ் அணி ஆடிய மேட்ச், 11-வது இன்னிங்ஸ். ட்வின்ஸின் ஜோ மாவர் அடித்த பந்து யாங்கீஸ் ஃபீல்டர் மெல்கி கப்ரெராவின் கிளவுஸில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. பக்கத்திலேயே நின்றிருந்த அம்பயர் பில் குஸ்ஸி ஃபவுல் என்றார். வீடியோ ரீப்ளே பார்த்து முடிவு செய்வது அப்போது ஹோம் ரன் விவகாரங்களுக்கு மட்டும்தான். இந்த மாதிரித் தீர்ப்புகளுக்கு அது 2014-ல்தான் வந்தது. தவறு என்று அம்பயர் குழுவின் தலைவரே மேட்ச் முடிந்ததும் ஒப்புக்கொண்டார். ஆனால் மாவர் அதே பேட்டிங் வாய்ப்பில் சிங்கிள் அடித்து பேஸுக்குப் போனார். பிறகு ஒருவரும் அவுட் ஆகாமல் மூன்று பேஸும் நிரம்பின. அப்படியும் ட்வின்ஸுக்கு ஒரு ரன்கூட வரவில்லை. ஒரு தீர்ப்பு மட்டுமே மேட்சை முடித்துவிடாது என்று இதை வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் மைதானத்தில் அந்தப் பெண் அடுத்த பந்திலேயே ஸ்டிரைக் அவுட். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மேட்ச் முடிந்து ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது மேடம் தானாகவே சொன்னார்: "நீங்க கேட்டிருந்தாலும் பாக்கலைன்னுதான் சார் சொல்லியிருப்பேன்."

அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. வேளச்சேரி ரயிலில் உட்கார்ந்த பிறகு வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. நிஜமாகவே பார்க்கவில்லையா? பார்த்திருந்தும், வயதில் மூத்தவன் என்று விட்டுக்கொடுத்தாரா? நான் கேட்காத கேள்விக்கு அவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

நான் பார்த்தது வெளியே போன பந்துதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். இப்போதெல்லாம் மேட்சுக்கு முன்னால் ஜூனியர்களிடம், "சந்தேகமா இருந்தா பார்ட்னரைக் கேட்டுடுங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை" என்று தவறாமல் சொல்கிறேன். போன மாதம் ஒரு பையன், "நீங்க எப்ப சார் கடைசியா கேட்டீங்க?" என்றான். எனக்கு அந்த மாதிரி சந்தேகம் வந்ததில்லை என்றேன்.