பணிநீக்கக் கடிதத்துக்கு முன்னால் நடக்க வேண்டியவை

ஒருவரை வேலையிலிருந்து நீக்கப் போதிய காரணம் இருந்தும் வழக்கில் தோற்றுப்போன நிறுவனங்களின் கோப்புகளைப் படிக்கும்போதெல்லாம், அவர்கள் சறுக்கியது காரணத்தில் அல்ல, நடைமுறையில்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீக்குவதென்று முதலில் தீர்மானித்துவிடுகிறார்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம் கேட்பு, விசாரணை எல்லாம் அதற்குப் பொருந்தும்படி பின்னால் வருகின்றன. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் எந்த நீதிபதிக்கும் இது புலப்பட்டுவிடும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1982-இல் ஏற்றுக்கொண்ட 158-ஆம் உடன்படிக்கை, ஊழியரின் திறன், அவரது நடத்தை, நிறுவனத்தின் செயல்பாட்டுத் தேவை ஆகியவற்றில் ஒன்றைச் சார்ந்த தகுந்த காரணம் இல்லாமல் எவரையும் நீக்கக் கூடாது என்கிறது. காரணம் நடத்தையோ வேலைத்திறனோ என்றால், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல ஊழியருக்கு முன்னதாகவே வாய்ப்பளிக்க வேண்டும். எல்லா நாடுகளும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் காரணம் சொல்லாமலே நீக்க முடியும். ஆனால் இனம், பாலினம், மதம் ஆகியவற்றுக்காகவோ, பாகுபாடு குறித்துப் புகார் கொடுத்ததற்குப் பழிவாங்குவதற்காகவோ நீக்குவது அங்கும் சட்டவிரோதம்தான்.

அந்த உடன்படிக்கையோடு வந்த 166-ஆம் பரிந்துரையை வேலையளிப்போர் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். திரும்பத் திரும்பச் செய்தால் மட்டுமே பணிநீக்கத்துக்கு உரியதாகும் தவறுக்கு, எழுத்துமூல எச்சரிக்கை கொடுக்காமல் ஒருவரை நீக்கக் கூடாது என்கிறது அது. வேலைத்திறன் குறைவென்றால், உரிய அறிவுறுத்தலும் எழுத்துமூல எச்சரிக்கையும் தந்து, திருந்துவதற்கு நியாயமான கால அவகாசமும் கொடுத்திருக்க வேண்டும். தவறு தெரிந்த பிறகு நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காத நிறுவனம், அந்தத் தவறுக்காக நீக்கும் உரிமையைக் கைவிட்டதாகவே கருதப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. பழைய சம்பவங்களைச் சேர்த்துவைத்து, உறவு கசந்த நாளில் ஒரே குறிப்பாணையில் கொட்டும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

விசாரணை எந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, பிரிட்டனில் 1978-இல், ஊழியர் ஒருவர் நேர்மையற்று நடந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல் நல்ல விடை தருகிறது. ஊழியர் தவறு செய்தார் என்று நிறுவனம் உண்மையாகவே நம்பியதா, அந்த நம்பிக்கைக்கு நியாயமான அடிப்படை இருந்ததா, சூழ்நிலைக்கேற்ற அளவில் விசாரித்த பிறகே அந்த நம்பிக்கைக்கு வந்ததா என்பவையே அதன் கேள்விகள். குற்றவியல் நீதிமன்றத்தில் கோரப்படும் அளவுக்கான நிரூபணம் இங்கே தேவையில்லை என்பது நிறுவனத்துக்குச் சாதகமானது. அதற்கு ஈடாக, ஊழியர் பெயர் குறிப்பிட்ட சாட்சியைக் கேட்காமல் விடுவதும், எதிரான ஆவணங்களை அவருக்குக் காட்டாமல் மறைப்பதும், புகார் கொடுத்த மேலாளரையே விசாரணை அதிகாரியாக உட்காரவைப்பதும் அந்த நம்பிக்கையின் அடிப்படையையே தகர்த்துவிடும். சிறிய நிறுவனத்தில் வேறு ஆள் இல்லையென்றால், தொடர்பில்லாத ஒருவரை வெளியிலிருந்து அழைப்பதே நல்லது.

விசாரணைக்காலப் பணியிடைநீக்கம் தண்டனை அல்ல. அந்தக் காலத்துக்கு ஊதியமோ பிழைப்பூதியமோ (வாழ்க்கைச் செலவுக்காகத் தரப்படும் குறைந்த தொகை) தர வேண்டுமா என்பதை அந்தந்த நாட்டின் சட்டமும் பணி ஒப்பந்தமும் முடிவு செய்யும். மாதக்கணக்கில் இழுத்தடித்தால் அதுவே தனி வழக்காகிவிடும். இதே தவறுக்கு இன்னொருவருக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்திருந்தால், வேறுபாட்டுக்கான காரணம் அப்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊழியர் கர்ப்பத்தை அறிவித்தோ, சங்கத்தில் சேர்ந்தோ, பாதுகாப்புக் குறைபாட்டைப் புகார் செய்தோ சில வாரங்களில் நடவடிக்கை தொடங்கினால், உண்மைக் காரணம் வேறு என்று காட்டும் சுமை பெரும்பாலும் நிறுவனத்தின் தோளில்தான் விழும். வழக்கைத் தவிர்க்க ராஜினாமா கடிதத்தை வற்புறுத்தி வாங்குவதும் பல நாடுகளில் பணிநீக்கமாகவே கருதப்படுகிறது.

இறுதி ஆணையில் நிரூபணமான குற்றச்சாட்டுகள் மட்டுமே இருக்க வேண்டும்; விசாரணையில் எழுப்பாத புதிய காரணத்தை அதில் சேர்க்கக் கூடாது. மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதும், நிலுவை ஊதியமும் விடுப்புக்கான பணமும் எப்போது வழங்கப்படும் என்பதும் அதே கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.