ஸ்கெட்ச்

“அண்ணா, ஒரு ஸ்கெட்ச் குடுங்க.”

கடைக்காரர் 12 கலர் பாக்கெட்டை எடுத்துப் போட்டார். பக்கத்தில் நின்றவர் போனில், “அவனுக்கு ஸ்கெட்ச் போட்டாச்சு மச்சி, இன்னைக்கு ட்ரீட் வாங்காம விடுறதில்ல” என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பையன் மூடியைக் கழற்றி, உள்ளங்கையில் பச்சைக் கோடு இழுத்துப் பார்த்தான்.

நம் ஊரில் ஸ்கெட்ச் என்றால் ஒன்று பேனா, இல்லையென்றால் ஆளைத் தூக்கத் திட்டம். இங்கிலீஷில் அது அவசரமாகக் கிறுக்கிய கோட்டுப்படம், மேடையில் சின்னதாக ஒரு காமெடி, அப்புறம் ஸ்கெட்ச்சி என்றால் நம்ப முடியாத ஆள். டச்சு, இத்தாலி வழியாக வேரைப் பிடித்துப் போனால், கிரேக்கத்தில் ‘முன்தயாரிப்பு இல்லாமல் சட்டெனச் செய்தது’ என்று வந்து நிற்கிறது. நாமோ அதை நாள் கணக்கில் உட்கார்ந்து பிளான் பண்ணுவதற்கு வைத்திருக்கிறோம்!

பையன் சிவப்பையும் திறந்தான்.

“வாங்குறதா இருந்தா கிறுக்கு தம்பி” என்றார் கடைக்காரர்.